கிருபைக்கனி சொல்லாத சாட்சி

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் ஓடுகிற அந்தப் பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா? நிறுத்த வேண்டாம். குறைத்தால் போதும். பாடுவது என் வீட்டுக்காரி.

சிரிக்கிறீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் இப்படிச் சொன்னால் நானும் சிரித்திருப்பேன். இதோ படம். மஞ்சள் சேலையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். பக்கத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டுக் கையை உயர்த்திக்கொண்டிருப்பது நான். பின்னால் சீரியல் பல்புக்குள் தெரிவது முத்தாரம்மன். கொடை விழாவில் எடுத்தது. அம்மனுக்கு முன்னால் நின்று பாடியவளும், இப்போது உங்கள் போனில் இயேசுவைப் பாடுகிறவளும் ஒருத்திதான்.

அதில் எனக்கும் அவளுக்கும் வந்த வழக்கை உங்களிடம் சொல்கிறேன். சாத்தான்குளம் போய்ச் சேர நேரம் கிடக்கிறது. எங்களில் யாரும் உங்களுக்கு வேண்டியவர்கள் இல்லை. அதனால் நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்கள்தான் சொல்ல முடியும்.

அவள் பெயர் உலகம்மாள். நான் வைத்த பெயர். நிஜப் பெயர் கிருபைக்கனி. திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டில் ஒரு கிறிஸ்தவ ஊர். அங்கே கோயிலைப் பெருக்கி மணி அடித்துக்கொண்டிருந்த ஞானப்பூ என்ற விதவைக்கு ஒரே மகள். கோயில் என்று நான் சொல்வது தேவாலயத்தை. அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நான் அம்பாசமுத்திரத்துக்காரன். பிறக்கும்போது பலவேசம். இவளைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்துப் பவுல் ஆனேன். மேடைக்கு வந்ததும் அவள் பெயரை மாற்றினேன். கிருபைக்கனி என்று அறிவித்தால் எந்தக் கொடைக் கமிட்டி சார் மேடை ஏற்றும்? பொதிகைக் குயில் உலகம்மாள் என்றேன். நானும் திரும்பப் பலவேசம் ஆகிவிட்டேன். தொழிலுக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அவள் பாடுவாள். நான் பேசுவேன். மேடையில் அவள் வாயிலிருந்து பாட்டைத் தவிர ஒரு வார்த்தை வந்ததில்லை. வணக்கம் சொல்வதுகூட நான்தான். இன்னொன்று, அவளுக்குச் சுருதிப் பெட்டி கிடையாது. நான் அறிவிப்பை முடிக்கும்போது கடைசி வார்த்தையைக் கொஞ்சம் இழுத்து விடுவேன். அந்த இழுப்பிலிருந்துதான் அவள் பாட்டை எடுப்பாள். இருபது வருஷமாக அப்படித்தான். அப்படியென்றால் பாட்டு யாரிடமிருந்து தொடங்குகிறது? நான் கணக்குப் பேசவில்லை. சும்மா சொன்னேன்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. அவள் அம்மா ஞானப்பூ, மகள் பாடி ஒருநாளும் கேட்டதில்லை. கொடைக்கு அந்தக் கிழவி வர மாட்டாள். சண்டையும் போட மாட்டாள். நாங்கள் போனால் கருவாட்டுக் குழம்பு வைத்துப் போடுவாள். பாட்டைப் பற்றி மட்டும் பேச்சு எடுக்க மாட்டாள். மகளும் எடுக்க மாட்டாள். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவோம்.

போன வருஷம் பங்குனி முடிந்த சமயம், திருநெல்வேலிப் பேட்டையில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். பாஸ்டர் ரூபன் செல்லையா. சொந்தமாக ஊழியம் நடத்துகிறார். யூட்யூபில் இவள் பாட்டைக் கேட்டுவிட்டு ஜெபம் பண்ணினாராம். ஆண்டவர் பேசினாராம்.

"சிஸ்டர், இந்தக் குரல் யாருக்குச் சொந்தம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

இவள் என்னைப் பார்த்தாள்.

"நையாண்டி மேளம், உறுமி, பம்பை எல்லாம் அப்படியே இருக்கட்டும். அதே கிராமத்து மெட்டு. பாட்டு மட்டும் ஆண்டவருக்கு. ஒரு ஆல்பம். ஆயத்தமா சிஸ்டர்?"

அவள் கண்ணில் அப்போது என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியும். தேரிக்காடு தெரிந்தது. அம்மா கேட்பாள். வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை. "ஆயத்தம்" என்றாள்.

பாஸ்டர் முழங்காலில் விழுந்துவிட்டார். "இருளில் இருந்த ஒரு மகள்" என்று கண்ணீர் விட்டு ஜெபம் பண்ணினார். அவர் இவளை இந்து என்று நினைத்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் வாயைத் திறக்கப் போனாள். நான் அவள் முழங்கையை லேசாகத் தொட்டேன். ஜெபம் நடக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லையே.

நான் பொய் சொல்லவில்லை சார். அவர் கேட்கவில்லை. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அவர்கள் சபையில் குழந்தைக்குத் தலையில் தண்ணீர் தெளிப்பதை ஞானஸ்நானமாக எடுத்துக்கொள்வது கிடையாது. முங்கி எழ வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் இவள் இன்னும் வெளியேதான் நிற்கிறாள். அப்படியானால் அவர் நினைத்ததில் என்ன தப்பு?

பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் ஸ்டுடியோ. சுவரெல்லாம் பஞ்சு. நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், பாஸ்டர், மெஷினில் உட்கார்ந்திருக்கிற டென்சிங். முதல் நாள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "சிஸ்டர், தாளத்துக்குக் கிளிக் வரும், அதுல விழுந்து பாடுங்க" என்றான் டென்சிங். இவள் ஒரு அடி பாடினாள். நிறுத்தினாள். இன்னொரு அடி பாடினாள். நிறுத்தினாள்.

"என்னாச்சு சிஸ்டர்?"

"காதுக்குள்ள பல்லி கத்துத மாதிரி இருக்கு தம்பி."

பாஸ்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் வரை ஒரு பல்லவி தேறவில்லை. டென்சிங் கழுத்தைச் சொடக்குப் போட்டுக்கொண்டிருந்தான். நான்தான் எழுந்து உள்ளே போனேன். கிளிக்கை எடுத்துவிட்டு உறுமியைக் காதில் விடச் சொன்னேன். அவளுக்கு முன்னால் நின்று, மேடையில் சொல்வதுபோல, "உங்கள் அன்புக்குரிய..." என்று கையை உயர்த்திக் கடைசி வார்த்தையை இழுத்தேன். எடுத்தாள் பாருங்கள், டென்சிங் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். ஒவ்வொரு பாட்டுக்கும் நான் உள்ளே போய்ப் பேசினேன். பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். என் குரலை வெட்டுவது எனக்கு வருத்தம்தான். ஆனால் அவளுக்காக ஒத்துக்கொண்டேன்.

பாட்டுகளைப் பாஸ்டரே எழுதியிருந்தார். எல்லாம் புத்தகத் தமிழ். பரம பிதா, பாவ விமோசனம் என்று. இவள் படித்துப் பார்த்துவிட்டு, "வாயில நிக்க மாட்டேங்கு" என்றாள். கிணற்றடியில், யூதர்கள் தீண்டாத ஒரு சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கிற கதையை அவளே எடுத்து,

"ஆரும் தொடாத எங்குடத்துல
அள்ளித் தான்னு கேட்டாரே"

என்று மாற்றினாள். இப்போது உங்கள் போனில் ஓடியதே, அதுதான். பாஸ்டர் முதலில் முகத்தைச் சுளித்தார். அவள் பாடி முடித்ததும் வெளியே போய்விட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. "இதை எங்கிருந்து சிஸ்டர் எடுத்தீங்க?" என்று கேட்டார். "எங்கம்மை சொல்லுவா" என்றாள். நான் அவசரமாக, "கிராமத்துல கிறிஸ்தவங்க பக்கத்து வீடு பாஸ்டர்" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டென்சிங்கிடம் டீ வாங்கலாமா என்று கேட்டேன்.

பாட்டெல்லாம் முடியும் தறுவாயில்தான் பாஸ்டர் சாட்சி என்றார்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த மாதிரி ஆல்பத்தில் பாட்டுக்கு நடுவே ஒரு பேச்சு வரும். நான் இப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை இப்படி மாற்றினார் என்று சொல்வது. அதற்குப் பெயர் சாட்சி. பாட்டைவிட அதைத்தான் ஜனம் திரும்பத் திரும்பக் கேட்கும். போஸ்டரே அடித்துவிட்டார். 'அம்மன் மேடையிலிருந்து ஆண்டவர் பாதத்துக்கு.' நடுவில் இவள் படம், பாதி முகம் இருட்டில், பாதி வெளிச்சத்தில். டவுனில் ஒட்டியாகிவிட்டது. அவருடைய கன்வென்ஷன் கூட்டத்தில் வெளியீடு.

"உங்க சொந்த வார்த்தையில சொன்னா போதும் சிஸ்டர்" என்றார்.

சொந்த வார்த்தை என்று அவளிடம் என்ன இருக்கிறது? பேச்சு என் இலாகா. வீட்டில் அவள் அயிலை மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது நான் தயார் பண்ணியதைச் சொல்லிக் காட்டினேன். "நான் இருளில் பிறந்தேன். என் தாய் பேய்களை வணங்கினாள். என்னையும் பேய்க்கு முன்னால் நிறுத்திப் பாட வைத்தாள்." ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். நன்றாக வந்தது.

அவள் மீனைச் சட்டியில் போட்டாள். "ஆரு தாய்?"

"உன் தாய்தான்."

"எங்கம்மை கோயில் மணி அடிச்சவா."

"ஏளா, அது ஒரு பேச்சுக்கு. உலகம்மாளோட தாய்னு வச்சிக்கோயேன். அவ ஆரோ."

"எங்கம்மை இதக் கேப்பா" என்றாள். "நான் பாடினத முதமுதல்ல கேக்கப் போறா. பாட்டுக்கு நடுவுல நான் அவளப் பேயக் கும்பிட்டவான்னு சொல்லணுமா?"

"ரெண்டு நிமிஷப் பேச்சுளா."

குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் எதிர்த்துப் பேசாவிட்டால் சம்மதம் என்றுதான் அர்த்தம். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

கடைசி நாள். மூன்று மணி இருக்கும். வெயில் மாடியை வறுத்துக்கொண்டிருந்தது. சத்தம் விழும் என்று ஏ.சி.யை அணைத்துவிட்டான் டென்சிங். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தோம். ஹெட்போன் இறுக்குகிறது என்றாள். டென்சிங் போய்ச் சரி பண்ணிவிட்டு வந்தான். திரும்பத் தண்ணீர் கேட்டாள். நான் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றேன். பாஸ்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் முழங்காலிட்டார். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒன்றும் வரவில்லை. ஸ்பீக்கரில் அவள் மூச்சு மட்டும் கேட்கிறது. பெரிதாகக் கேட்கிறது. பேசத் தெரியாதவளைக் கொண்டுபோய் இப்படி உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? உள்ளே போய் நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கட்டுமா என்று டென்சிங்கிடம் சைகையில் கேட்டேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அப்போது அவள் பேசினாள்.

"எம் பேரு கிருபைக்கனி."

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "புதுப் பேர் எடுத்துட்டாங்க பிரதர்! ஆமென்!" என்று என் காலைத் தட்டினார்.

"எங்கய்யா வச்ச பேரு" என்றாள் அவள். "கைப்பிள்ளையா இருக்கையில பாதிரி ஐயர் எந் தலையில தண்ணி தெளிச்சி வச்ச பேரு. எங்கம்மை கோயில் மணி அடிச்சவா. நான் இருட்டுல பொறக்கல. நான் அம்மன் பாட்டுப் பாடினவதான். வயித்துக்காகப் பாடினேன்னு சொன்னா அதுவும் பொய்யி. பிடிச்சித்தான் பாடினேன். கேட்டு அழுத பொம்பளையள்லாம் எனக்குச் சொந்தக்காரியள் மாதிரி. இந்தப் பாட்டும் பிடிச்சித்தான் பாடுதேன். இது எங்கம்மைக்கு."

அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. பேச்சு நிற்கட்டும் என்று உள்ளே கேட்கிற பொத்தானை அமுக்கப் போனேன். டென்சிங் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் வேலை முடியும்வரை யாரும் மெஷினைத் தொடக் கூடாதாம். அவன் பிடித்த இடம் வலித்தது.

விளக்கு அணைந்தது. பாஸ்டர் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் இருந்தபடியே என்னைப் பார்த்தார்.

"பிரதர், இது என்னது?"

"தெளிப்பு ஞானஸ்நானம்தான் பாஸ்டர். அத நீங்க எடுத்துக்கிட மாட்டியளே..."

"நான் அதையா கேட்டேன்? ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கேன். ஜனங்களை எந்த முகத்தோட பார்ப்பேன்?"

அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "பாட்ட வச்சிக்கிடுங்க பாஸ்டர். சாட்சி வேண்டாம்."

"சாட்சி இல்லாத பாட்டு வெறும் பாட்டு சிஸ்டர்."

"வெறும் பாட்டுத்தான். அதுதான எனக்குத் தெரியும்."

பாஸ்டர் எழுந்து பேண்டைத் தட்டினார். கெட்டவர் இல்லை சார் அவர். குரல்கூட உயரவில்லை. "அப்போ இந்த ஆல்பம் வராது சிஸ்டர். ஒட்டின போஸ்டரையெல்லாம் கிழிக்கச் சொல்லுதேன். பொய்ப் பேர்ல ஒண்ணு கொண்டுவர்றதுக்கு இது வராமலே இருக்கட்டும்" என்றார். டென்சிங் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் எடுத்திருங்க தம்பி."

டென்சிங் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாட்டெல்லாம் போய்விடும். கிணற்றடிப் பாட்டும் போய்விடும். தேரிக்காட்டில் கிழவி எதையும் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடுவாள். அவள் முகத்தில் அதுதான் இருந்தது. வேறு எதுவும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு புருஷன் என்று ஒருவன் சும்மா நிற்க முடியுமா? நீங்கள் நின்றிருப்பீர்களா?

"பாஸ்டர், சாட்சிதானே வேணும்? நான் சொல்லுதேன்" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"நான் பொறந்தது பலவேசம் பாஸ்டர். எங்க குலசாமி பேருதான். ரட்சிக்கப்பட்டுப் பவுல் ஆனவன். பாட்டு அவளோடது, சாட்சி என்னோடது. குடும்பச் சாட்சி. போஸ்டர் ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும்."

அதில் ஒரு எழுத்துப் பொய் உண்டா? பாஸ்டர் மேலே பார்த்துக் கையை உயர்த்தினார். "அல்லேலூயா" என்றார் மெதுவாக.

இவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். "வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"அத்தை இருக்காவ."

என் அம்மாவைச் சொல்கிறாள். பேச்சியம்மாள். ஊரில் தனியாக இருந்தாள்.

"நான் எங்க அம்மையப் பத்தி என்னத்தளா சொல்லப் போறேன்?"

"சொல்லுவிய" என்றாள். "மைக்கு கிடைச்சா சொல்லுவிய. வேண்டாம். பாட்டுப் போனா போவுது. எங்கம்மை கேக்காட்டா பரவால்ல."

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தவள் பேசுகிற பேச்சா அது? பெண்கள் கோபத்தில் எதையும் சொல்வார்கள். நான் உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். வழக்கமாக நான் நிற்கிற இடம்.

உள்ளபடி சொல்வதென்றால் சின்ன வயசில் எனக்குக் காய்ச்சல் வந்ததையும், அம்மா குலசாமிக்கு நேர்ந்துகொண்டதையும் மட்டும்தான் சொல்வதாக இருந்தேன். ஆனால் விளக்கு எரிந்தால், காதுக்குள் நம் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டால், அது ஒரு தனி நிலை சார். மேடைக்காரனுக்குத்தான் தெரியும். வார்த்தை வார்த்தையை இழுத்துக்கொண்டு வரும். "ஒரு தாய் தன் பச்சிளம் மகனை, ஒரு சேவலோடு சேர்த்து, பேய்க்கு விற்றாள்" என்றேன். நிறுத்தினேன். "அந்த மகன் நான்" என்றேன். டென்சிங் மெஷினிலிருந்து முகத்தைத் தூக்கினான். "அந்தத் தாய் இன்றும் இருட்டில் இருக்கிறாள். அவளுக்காக ஜெபியுங்கள்" என்று முடித்துக் கடைசி வார்த்தையைப் பழக்கத்தில் இழுத்தேன். ஒரே டேக். வெட்ட ஒன்றுமில்லை. அத்தனை வருஷத்தில் என் குரல் வெட்டுப்படாமல் பதிவானது அதுதான்.

வெளியே வந்தேன். பாஸ்டர் கட்டிப்பிடித்துக்கொண்டார். தோளுக்கு மேலே பார்த்தேன். அவள் இல்லை. டீ குடிக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். கீழே டீக்கடையில் கேட்டால், திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினார்கள் என்றான்.

கன்வென்ஷனுக்கும் அவள் வரவில்லை. சிஸ்டருக்குச் சுகமில்லை என்று பாஸ்டர் அறிவித்தார். பாட்டுகளைப் போட்டார்கள். நடுவில் நான் எழுந்து நேராகவே சாட்சி சொன்னேன். பந்தல் முழுக்க அழுகை. அன்றிலிருந்து எனக்கு ஓய்வில்லை. இன்று சாத்தான்குளம். நாளை நாசரேத்துப் பக்கம். அவள் இப்போதும் கொடைக்குப் பாடப் போகிறாள். போகட்டும், அது அவள் இஷ்டம். ஆனால் அறிவிப்பாளர் வேண்டாம் என்கிறாளாம். அவளே பேசுகிறாளாம். என்ன பேசத் தெரியும் அவளுக்கு? "அடுத்தது ஒரு பாட்டு" என்று சொல்வாளாம். அதற்குக் கை தட்டுகிறார்களாம். சுருதிக்கு என்ன பண்ணுகிறாள் என்று தெரியவில்லை.

ஞானப்பூக் கிழவி ஆல்பத்தைக் கேட்டுவிட்டாள். டென்சிங்தான் நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். கிணற்றடிப் பாட்டைத் தினம் போடச் சொல்கிறாளாம். அது என்னால் நடந்தது. நான் அன்றைக்கு உள்ளே போகாவிட்டால் அது அழிந்திருக்கும். அதை ஒருத்தரும் சொல்வதில்லை. என் பேச்சு வருகிற இடம் வந்தால் கிழவி போனை அமர்த்திவிடுகிறாளாம். அதை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள்.

சரி, இதையெல்லாம் விடுங்கள். என் வழக்கு இதில்லை.

மார்கழியில் அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெருச் சபையில் விடியற்காலம் ஸ்பீக்கர் கட்டுவார்கள். இந்த ஆல்பத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். சாட்சியோடுதான். பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உம் பொண்டாட்டி வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டா" என்றாள். "எங்க?" என்று கேட்டேன். "அது ஸ்பீக்கர்ல சொல்லலியோ?" என்றாள்.

எப்படி இருக்கிறது பாருங்கள். என்னைக் கேட்காமல் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். தேரிக்காட்டுக்குப் போனேன். வாசலில் கிழவிகள் இரண்டு பேரும் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி நெற்றியில் திருநீறு. இன்னொருத்தி மடியில் கொட்டையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். பல வருஷம் ஒன்றாக இருந்தவர்கள் மாதிரி. ஞானப்பூ என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். என் வீட்டுக்காரி உள்ளேதான் இருந்தாள். பாத்திரச் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை.

"எம்மா, பொறப்படு" என்றேன்.

அம்மா புளியைக் கீழே வைக்கவில்லை.

"ஏல பலவேசம்" என்றாள். இப்போது என்னை அப்படிக் கூப்பிட வேறு ஆள் இல்லை. "நீ கண்ண மேல செருகிக்கிட்டுக் கெடந்த. ஆஸ்பத்திரி ஆத்துக்கு அந்தப் பக்கம். ஆத்துல வெள்ளம். உங்கய்யாவும் ஊர்ல இல்ல. உன்னத் தோள்ல போட்டுக்கிட்டு நான் வேற எங்கலே போவேன்? நீ சொல்லு."

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. நிஜமாகவே என்னிடம் பதில் கேட்கிறவள் மாதிரி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷம் மைக்கைப் பிடித்தவன் நான். கரண்ட் போனால்கூடப் பேசி ஜனத்தை உட்கார வைத்தவன். வாசலில் அப்படியே நின்றேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வந்துவிட்டேன்.

பாஸ்டரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, "இதையும் சாட்சியில சேர்த்துக்கோங்க பிரதர்" என்றார். சேர்த்துக்கொண்டேன். அம்மா சொன்ன மாதிரியே, அவள் குரலிலேயே சொல்கிறேன். வேற எங்கலே போவேன், நீ சொல்லு. எல்லா ஊரிலும் அந்த இடத்தில்தான் ஜனம் அதிகம் அழுகிறது. அதற்குப் பிறகு நான் ஒரு பதில் சொல்லி முடிக்க வேண்டும் அல்லவா? எத்தனையோ விதமாகத் தயார் பண்ணிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் வாயில் நிற்கவில்லை. பதில் வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள், அதுதான் நன்றாக இருக்கிறது என்கிறார் பாஸ்டர்.